சினிமா ஃபிலிமா, சாதா ரோலா? கடலூர், புதுச்சேரி வெயிலுக்கு எது சரிப்படும்

பழைய எஸ்எல்ஆர் ஒன்று வீட்டில் இருக்கிறது. கருப்பு-வெள்ளையில் எடுத்து நாமே கழுவிப் பார்க்க ஆசை. ஆனால் ரோல் விலையைக் கேட்டால் ஆசை பாதியாகக் குறைந்துவிடுகிறது. இப்படி இருப்பவரிடம் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்லியிருப்பார்: "சினிமா ஃபிலிம் டப்பா ஒண்ணு வாங்கிடுங்க, வெட்டி வெட்டி ரோல் போட்டுக்கலாம்." புதுச்சேரியிலும் கடலூரிலும் ஃபிலிம் பக்கம் திரும்பிவரும் இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பதும் இதைத்தான். வாங்கலாமா? வாங்கினால் எதை? எங்கே, எப்படிக் கழுவுவது?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபிலிம் விலையைப் பார்த்து இதை முடிவு செய்யாதீர்கள். வருடத்துக்கு நீங்கள் எத்தனை ரோல் எடுப்பீர்கள், உங்கள் வீட்டுத் தண்ணீர் எவ்வளவு சூடு என்ற இரண்டையும் பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

## கேமராவுக்குள் போகுமா?

போகும். 35 மி.மீ. ஸ்டில் கேமரா பிறந்ததே சினிமா ஃபிலிமிலிருந்துதான். ஜெர்மனியில் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆஸ்கர் பர்னாக், சினிமா ஃபிலிமைப் படுக்கவைத்து ஓட்டும் சின்னக் கேமரா ஒன்றைச் செய்தார். அது 1925-ல் லைக்கா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. சினிமா கேமராவில் ஃபிலிம் மேலிருந்து கீழே ஓடும், ஒரு ஃபிரேமுக்கு 4 துளை. நம் கேமராவில் பக்கவாட்டில் ஓடும், ஒரு ஃபிரேமுக்கு 8 துளை. சினிமா நெகட்டிவின் துளை வடிவம் கொஞ்சம் வேறு. துளைக்குத் துளை இடைவெளியில் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குதான் வித்தியாசம். ஸ்டில் கேமராவின் பல்சக்கரம் அதைப் பொருட்படுத்தாது.

ஒரு எச்சரிக்கை மட்டும். கலர் சினிமா நெகட்டிவின் முதுகில் நெடுங்காலமாகக் கரிப்பூச்சு ஒன்று இருந்துவந்தது. அதை ரெம்ஜெட் என்பார்கள். கழுவும்போது அதைத் தனியாக நீக்க வேண்டும், இல்லாவிட்டால் ரசாயனம் முழுக்கக் கரி. கோடாக் அண்மையில்தான் அதைக் கைவிட்டு வேறு பூச்சுக்கு மாறியிருக்கிறது. கருப்பு-வெள்ளை சினிமா நெகட்டிவில் அந்தக் கரி கிடையாது, சாதா ரோலைக் கழுவுவது மாதிரியே கழுவலாம். ஆகவே யாராவது "சினிமா ஃபிலிம்" என்று பெயர் ஒட்டாத டப்பாவைக் கொடுத்தால், உள்ளே இருப்பது எந்த ஃபிலிம், அதன் எண் என்ன என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, எண்ணிக்கை. மாதம் ஒரு ரோல் எடுப்பவருக்கும் வாரம் இரண்டு எடுப்பவருக்கும் ஒரே பதில் பொருந்தாது.

இரண்டாவது, வெளிச்சம். கடற்கரைச் சாலையிலும் தேவனாம்பட்டினம் வெள்ளி கடற்கரையிலும் நண்பகலில் மணலிலிருந்து எழும்பும் வெளிச்சம் ஒரு ரகம். கடலூர் ஓ.டி. (பழைய நகரம்) மீன் ஏலக்கூடத்தின் கூரைக்குள்ளே, விடியலில், ட்யூப் லைட்டில் வேறு ரகம்.

மூன்றாவது, சூடும் ஈரமும். ஃபிலிம் கழுவும் கணக்கெல்லாம் 20 டிகிரிக்குப் போட்டது. மே மாதப் பிற்பகலில் நம் மாடித் தொட்டித் தண்ணீர் அதைவிட எவ்வளவோ மேலே நிற்கும்.

நான்காவது, ஆயுள். எடுத்த நெகட்டிவ் நம் பிள்ளைகள் காலத்தில் எப்படி இருக்கும்? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் கோயில் படத் தொகுப்பு ஆராய்ச்சியாளர்களுக்கு இன்றும் பயன்படுகிறதென்றால், அந்தக் கருப்பு-வெள்ளை நெகட்டிவ்களை ஒழுங்காகக் கழுவி ஒழுங்காக வைத்ததால்தான். வீட்டில் எடுப்பவருக்கும் இந்தக் கவலை இருக்க வேண்டும்.

ஐந்தாவது, கேமரா. மோட்டார் வைண்டர் உள்ளதா, டிஎக்ஸ் கோடு (கேசட் மேல் அச்சாகியிருக்கும், ஃபிலிம் வேகத்தைக் கேமராவுக்குச் சொல்லும் குறியீடு) இல்லாமல் ஐஎஸ்ஓ என்ற அந்த வேகத்தைக் கையால் வைக்க முடியுமா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். டப்பாவிலிருந்து நாமே அடைக்கும் கேசட்டில் கோடு இருக்காது.

## ஒரு பார்வையில்

| | சாதா ரோல் (இல்ஃபோர்ட் கம்பெனியின் எச்பி5 போன்றவை) | கேசட்டில் வரும் டபுள்-எக்ஸ் (கோடாக்கின் கருப்பு-வெள்ளை சினிமா நெகட்டிவ்) | டபுள்-எக்ஸ் 400 அடி டப்பா | ஆர்வோ யூஎன்54, 100 அடி | பிரிண்ட் ஃபிலிம் 2302 |
|---|---|---|---|---|---|
| வேகம் (ஐஎஸ்ஓ) | 400 | வெயிலில் 250, டங்ஸ்டனில் 200 | அதுவே | 100 | ஏறக்குறைய 6 |
| எத்தனை ரோல் | 1 | 1 | சுமார் 70 | சுமார் 18 | டப்பாவைப் பொறுத்து |
| நண்பகல் மணலில் | மிகை வேகம் | சமாளிக்கலாம் | சமாளிக்கலாம் | வசதி | கையில் பிடித்தே எடுக்கலாம் |
| கூரைக்குள், இரவில் | சிறப்பு | நடுத்தரம் | நடுத்தரம் | சிரமம் | ஸ்டாண்ட் வேண்டும் |
| மறைமுகச் செலவு | எதுவும் இல்லை | ஒரு ரோலுக்கான விலை அதிகம் | லோடர் (நீளச் சுருளிலிருந்து கேசட்டுக்கு ஃபிலிம் ஏற்றும் பெட்டி), கேசட், ஃபிரிட்ஜ் இடம், இருட்டறை வேலை | லோடர், கேசட் | சோதனை ரோல்கள், பொறுமை |
| யாருக்கு | புதியவர், குறைந்த வெளிச்சம் | ருசி பார்க்க | மூன்று நான்கு பேர் கூட்டாக | வெயிலில் நடப்பவர் | நிதானமாக எடுப்பவர் |

ரூபாய்க் கணக்கு போடாததற்குக் காரணம் உண்டு. இறக்குமதி விலையும் சுங்கமும் மாறிக்கொண்டே இருக்கின்றன, இன்றைக்கு எழுதியது அடுத்த மாதம் செல்லாது. கணக்குப் போடும் முறையைச் சொல்கிறேன். 36 படத்துக்கு முன்னும் பின்னும் விடும் நீளத்தோடு சேர்த்து ஏறக்குறைய 1.65 மீட்டர் ஃபிலிம் செலவாகும். 400 அடி என்பது 122 மீட்டர். வெட்டுவதில் வீணாவது போக 70 ரோல் தேறும். டப்பா விலை, கூரியர், சுங்கம், லோடர், கேசட் எல்லாவற்றையும் கூட்டி 70-ஆல் வகுங்கள். பிறகு அந்த 70 ரோலை எத்தனை வருடத்தில் எடுத்து முடிப்பீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். மாதம் ஒன்று என்றால் கிட்டத்தட்ட ஆறு வருடம் ஆகும். விலை மலிவாகத் தெரிந்த டப்பா இந்த இடத்தில்தான் மலிவில்லாமல் போகிறது.

## சாதா ரோல்

இதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. எந்த டெவலப்பரில் (படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனம்) எத்தனை நிமிடம் என்று கம்பெனியே அட்டவணை கொடுத்துவிடுகிறது. விளிம்பில் ஃபிரேம் எண் அச்சாகி வருகிறது. எச்பி5 ப்ளஸ் 400-ஐ 1600-க்கு ஏற்றி எடுத்தாலும் தாங்கும். கிராண்ட் பஜாருக்குள் மாலை நேரத்தில், பாடலீஸ்வரர் கோயில் பிராகாரத்தில் விளக்கு வெளிச்சத்தில் எடுப்பவருக்கு இதைவிட நல்லது இல்லை. முதல் முறையாக வீட்டில் கழுவப்போகிறவர் தொடங்க வேண்டியதும் இதில்தான். படம் சரியாக வராவிட்டால் தவறு ஃபிலிமிலா, நம் கையிலா என்ற குழப்பம் இருக்காது.

## கேசட்டில் வரும் டபுள்-எக்ஸ்

டபுள்-எக்ஸ் 5222 கோடாக் 1959-ல் கொண்டுவந்த நெகட்டிவ். புதிய டி-கிரெய்ன் வகை ஃபிலிம்களின் வழவழப்பு இதில் கிடையாது. மணிமணியான தானியம் கண்ணுக்குத் தெரியும், நடுச் சாம்பல்கள் அழகாகப் பிரியும். இதையே சிறு கேசட்டில் அடைத்து ஸ்டில் கேமராவுக்கென்று விற்கிறார்கள். சினிஸ்டில் பிடபிள்யூஎக்ஸ்எக்ஸ் என்ற பெயரில் வருவது இந்த ஃபிலிம்தான்.

சினிமாக்காரர்கள் நெகட்டிவைக் கொஞ்சம் தட்டையாக, குறைந்த கான்ட்ராஸ்டில் கழுவுவார்கள். பிரிண்ட் போடும்போது கான்ட்ராஸ்ட் ஏறும் என்பதால் அப்படி. அதற்கென்று அவர்கள் வைத்திருக்கும் டெவலப்பர் டி-96. நம் ஊர் வெயிலுக்கு இந்தத் தட்டையான போக்கு பெரிய வரம். புதுச்சேரி ஒயிட் டவுனில் காலை பத்து மணிக்குச் சுண்ணாம்பு வெள்ளைச் சுவரில் வெயில் அறைகிறது, அதே ஃபிரேமில் வேப்பமர நிழலில் ஒரு ரிக்‌ஷாக்காரர் தூங்குகிறார். சாதா ரோலை வழக்கமான நேரம் கழுவினால் சுவர் வெளுத்துப்போகும், அல்லது நிழல் மசியாகிவிடும். டபுள்-எக்ஸை 200-ல் வைத்து எடுத்து, கழுவும் நேரத்தைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். சுவரின் காரைக் கோடும் தெரியும், அவர் சட்டை மடிப்பும் தெரியும்.

குறை என்ன? ஒரு ரோல் விலையை எடுத்தால் எச்பி5-ஐவிடச் சேமிப்பு எதுவும் இல்லை. 800-க்கு மேல் ஏற்றினால் நிழல் பகுதி காலியாகிவிடுகிறது. ஆகவே ருசி பிடிக்கிறதா என்று தெரிந்துகொள்ள நான்கைந்து ரோல் வாங்குங்கள். பிடிக்கவில்லை என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

## 400 அடி டப்பா

பிடித்துவிட்டது, கூட்டுச் சேர ஆட்களும் இருக்கிறார்கள் என்றால் டப்பாவைப் பற்றி யோசிக்கலாம். தனி ஆளாக வாங்க வேண்டாம் என்பதுதான் என் யோசனை.

வேலையிலிருந்து தொடங்குகிறேன். கடையில் கிடைக்கும் பல்க் லோடர் 100 அடிச் சுருளைத்தான் தாங்கும். 400 அடியை முழு இருட்டில் நான்காகப் பிரிக்க வேண்டும். நம் ஊரில் இதற்குத் தோதான இடம் ஜன்னலில்லாத குளியலறை, அதுவும் இரவில், கதவடியில் துண்டு அடைத்து. ஈரத்தரையில் ஃபிலிம் பட்டால் போச்சு. லோடர் இல்லாமல் நேரடியாக ரோல் போடுபவர்கள் கதவு நிலையில் 1.65 மீட்டர் இடைவெளியில் இரண்டு ஆணி அடித்துவிட்டு, இருட்டில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தடவிப்பார்த்து வெட்டுகிறார்கள். எளிய வழி, நன்றாக வேலை செய்கிறது. கைக்கு நூல் உறை அவசியம். இந்த ஈரக்காற்றில் விரல் நுனி எப்போதும் கசிந்துகொண்டே இருக்கும், அந்த ரேகை நெகட்டிவில் அப்படியே பதிந்துவிடும்.

கேசட்டுகள் அடுத்த செலவு. மூடி திறந்து மூடும் காலிக் கேசட்டுகளை மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம், ஆனால் வாயிலுள்ள வெல்வெட்டில் மணல் சேரும். கடற்கரைக்குக் கொண்டுபோன கேசட்டில் ஒரு மணல் துகள் ஒட்டிக்கொண்டால் 36 படத்திலும் ஒரே உயரத்தில் நீளக் கோடு விழும். ஒவ்வொரு முறையும் செல்லோ டேப்பால் வெல்வெட்டை ஒற்றி எடுங்கள். கோடு விழத் தொடங்கிய கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

மூன்றாவது சங்கதிதான் பெரியது: சேமிப்பு. எடுக்காத ஃபிலிமை 13 டிகிரிக்குக் கீழே வைப்பது நல்லது, வருடக்கணக்கில் என்றால் ஃபிரீசர்தான். ஃபிரிட்ஜில் டப்பாவுக்கு இடம் கிடைத்தாலும் மின்சாரம் நம் கையில் இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம் என்பது இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் வந்தது. ஃபிரிட்ஜ் நின்றதும் டப்பாவுக்குள் ஈரம் சேருவதுதான் ஆபத்து. டப்பாவை ஜிப் பையில் போட்டு, உள்ளே சிலிகா ஜெல் வைத்து, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த டப்பாவை உடனே திறக்காதீர்கள். குளிர்ந்த சொம்பின் வெளியே வேர்ப்பது மாதிரி ஃபிலிம் மேலேயே நீர் கோக்கும். இரவு எடுத்து வெளியே வைத்தால் காலையில் திறக்கலாம்.

பழைய ஸ்டாக் பற்றியும் ஒரு வார்த்தை. படப்பிடிப்பில் மீந்த துண்டு ஃபிலிம் என்று சொல்லி மலிவாகக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தமிழ் சினிமா டிஜிட்டலுக்கு மாறி வருடங்கள் ஓடிவிட்டன. அப்போது மீந்தது எந்தப் பரணில் எத்தனை கோடை பார்த்ததோ! புகை படிந்தது போல நெகட்டிவ் முழுக்கச் சாம்பல் ஏறியிருக்கும். சோதனைத் துண்டு கேட்டு வாங்கிக் கழுவிப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

எப்போது டப்பா சரி? மூன்று நான்கு பேர் சேர்ந்து, ஒவ்வொருவரும் வருடம் இருபது ரோலாவது எடுப்பீர்கள் என்றால் ஒரு வருடத்தில் டப்பா காலியாகிவிடும். சேமிப்புத் தலைவலி பெரிதாக இருக்காது. எல்லோரும் ஒரே ஃபிலிமை, ஒரே டெவலப்பரில் கழுவும்போது ஒருவர் கண்டுபிடித்த நேரம் மற்றவருக்கும் உதவும். இந்தக் கடைசி லாபத்தை நான் பணத்தைவிட மேலாக மதிக்கிறேன். ஒரே ஃபிலிமோடு ஒரு வருடம் பழகியவர் மீட்டரைப் பார்க்கும் முன்பே வெளிச்சத்தைச் சொல்லிவிடுவார்.

## ஆர்வோ யூஎன்54

நம் பக்கத்துப் பழைய ஸ்டூடியோக்காரர்களிடம் ஆர்வோ என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். அன்றைய கிழக்கு ஜெர்மனியின் வோல்ஃபனிலிருந்து வந்த ஆர்வோ ஃபிலிம் 1970-களில் இந்தியாவெங்கும் ஓடியது. அந்த வரிசையில் சினிமாவுக்கென்று செய்த 100 வேக நெகட்டிவ்தான் யூஎன்54. அதன் அண்ணன் என்74, வேகம் 400.

வெயிலில் நடந்து எடுப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது யூஎன்54-ஐத்தான். கணக்குப் பாருங்கள். நல்ல வெயிலில் எஃப்/16 வைத்தால் ஷட்டர் ஐஎஸ்ஓ எண்ணின் பக்கம் இருக்க வேண்டும். டபுள்-எக்ஸ் என்றால் எஃப்/16, 1/250. வெள்ளை மணலில் இன்னும் ஒரு ஸ்டாப் மூட வேண்டும், அதாவது வெளிச்சத்தைப் பாதியாக்க வேண்டும். 1/500-க்கு மேல் ஷட்டர் இல்லாத பழைய கேமராவில் எஃப்/16-ஐவிட்டு நகரவே முடியாது, முகத்தைத் தனியாகப் பிரித்துப் பின்னணியை மங்கலாக்க வழியில்லை. யூஎன்54-ல் மணல் இல்லாத நல்ல வெயிலில் எஃப்/8, 1/500 கிடைக்கும், மஞ்சள் ஃபில்டர் ஒன்று போட்டால் எஃப்/5.6. வலை பின்னும் கையை மட்டும் கூர்மையாக எடுக்க இது போதும்.

100 அடி என்பது பதினெட்டு ரோல். தனி ஆள் ஒரு வருடத்தில் முடித்துவிடக்கூடிய அளவு, லோடருக்குள் அப்படியே போய்விடும், இருட்டில் நான்காகப் பிரிக்கும் வேலை இல்லை. கூட்டுச் சேர ஆள் கிடைக்காதவருக்கு 400 அடியைவிட இதுவே நல்லது. மாலை ஆறுக்கு மேல் கேமராவைப் பையில் வைத்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் குறை.

## பிரிண்ட் ஃபிலிம் 2302

தியேட்டரில் ஓட்டும் பிரதிக்காகச் செய்த ஃபிலிம் இது. வேகம் 6 என்று வைத்துத் தொடங்கலாம். கேட்டதும் பயப்பட வேண்டாம், நம் நண்பகல் வெயிலில் எஃப்/4, 1/100 வரும். நிழலுக்குப் போனால்தான் ஸ்டாண்ட் வேண்டும்.

இதன் விசேஷம் வேகத்தில் இல்லை. இது நீலத்தை மட்டும்தான் பார்க்கும். மஞ்சளும் சிவப்பும் இதற்கு இருட்டு. புதுச்சேரியில் இதன் விளைவு என்ன என்று யோசித்துப் பாருங்கள். ஒயிட் டவுனின் மஞ்சள் சுவர்கள் டபுள்-எக்ஸில் வெளிர் சாம்பலாக, சுவரோடு சுவராக வரும். 2302-ல் அவை மழைக்கால மேகம் போல இருண்டுவிடும், வெள்ளைப் பட்டை மட்டும் எழுந்து நிற்கும். காகிதப் பூ நீலமும் கலந்த சிவப்பு என்பதால் அந்த இருட்டுச் சுவரில் வெளிச்சமாகத் தெரியும். போலீஸ்காரரின் சிவப்புக் கெப்பி கருப்பாகும். மீன் விற்கும் அம்மாவின் நெற்றிக் குங்குமம் மைப்பொட்டாகும், வெயிலில் காய்ந்த தோலின் ஒவ்வொரு சுருக்கமும் ஆழமாக வரும். வானம் வெறும் வெள்ளை. வயதானவர்கள் முகத்துக்கு இது கம்பீரம். மணப்பெண்ணை இதில் எடுத்தால் வீட்டார் சண்டைக்கு வருவார்கள்.

சிவப்பு விளக்கில் கண்ணால் பார்த்துக்கொண்டே கழுவலாம் என்பது கற்றுக்கொள்பவருக்கு மிகவும் நல்லது. படம் மெல்ல ஏறிவருவதை ஒரு முறை பார்த்தவருக்கு நேரம், சூடு, குலுக்கல் எல்லாம் எதற்கு என்று புரிந்துவிடும்.

ஆயுளிலும் இதற்குத்தான் முதலிடம். டபுள்-எக்ஸ், யூஎன்54, எச்பி5 எல்லாம் அசிட்டேட் அடித்தளம். சூடும் ஈரமும் சேர்ந்தால் அசிட்டேட் பல வருடங்களில் சுருங்கிப் புளித்த காடி வாடை அடிக்கும். நம் கடற்கரைக் காற்றில் அது சீக்கிரமே வரும். 2302 பாலியெஸ்டர், அந்த நோய் இதற்கு வராது. கோடாக் சினிமா ஃபிலிம் எண் 5-ல் தொடங்கினால் அசிட்டேட், 2-ல் தொடங்கினால் பாலியெஸ்டர், இரண்டும் 35 மி.மீ.

அதே பாலியெஸ்டர்தான் இதன் சிக்கலும். அது கிழியாது. மோட்டார் வைண்டர் கேமராவில் ஃபிலிம் சிக்கினால் ஃபிலிமுக்குப் பதில் பல்சக்கரம் உடையும். கையால் சுற்றும் கேமராவில் மட்டும் போடுங்கள். தெளிவான அடித்தளம் வழியாக வெளிச்சம் நுனியிலிருந்து கேசட்டுக்குள் ஓடிவிடும் என்பதால் நிழலில் நின்றுதான் லோடு செய்ய வேண்டும். இயல்பிலேயே கான்ட்ராஸ்ட் அதிகம், டெவலப்பரை நன்றாக நீர்க்க வேண்டும். சரியான கலவை பிடிபட இரண்டு மூன்று ரோல் போகும்.

## கழுவுவது: கடையிலா, வீட்டிலா?

கலர் லேபில் கொடுக்கலாமா என்றால், கூடவே கூடாது. அவர்களுடைய சி-41 என்ற கலர் கழுவல் முறையில் வெள்ளி முழுக்கக் கரைந்து ஃபிலிம் வெறும் கண்ணாடியாகத் திரும்பும். கருப்பு-வெள்ளை கழுவும் லேபுக்குக் கூரியரில் அனுப்பலாம். வருடம் ஐந்தாறு ரோல் எடுப்பவருக்கு அதுவே புத்திசாலித்தனம். கேசட் மேல் ஃபிலிம் பெயரும் எடுத்த ஐஎஸ்ஓவும் கொட்டை எழுத்தில் இருக்கட்டும். நாமே அடைத்த கேசட்டில் எந்த அடையாளமும் இராது.

அதற்கு மேல் எடுப்பவர் வீட்டில் கழுவுவதுதான் முறை. டெவலப்பராக டி-76-ஐச் சொல்வேன். 1920-களில் கோடாக்கில் சினிமா நெகட்டிவுக்காகவே உருவாக்கியது அது. பொடியாகக் கிடைக்காவிட்டால் ரசாயனக் கடைப் பொருளை வைத்து நாமே கலக்கலாம். ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோக்வினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். 50 டிகிரி சூட்டில் முக்கால் லிட்டர் தண்ணீர் எடுத்து இந்த வரிசையிலேயே, ஒன்று கரைந்த பிறகு அடுத்ததைப் போட்டு, கடைசியில் லிட்டருக்கு நிரப்புங்கள். கையுறை போடுங்கள், மெட்டால் சிலர் தோலுக்கு ஒத்துக்கொள்ளாது. காப்பித்தூள், சலவைச் சோடா, வைட்டமின் சி கலந்த கஃபெனால் பற்றியும் கேட்கிறார்கள். வேலை செய்யும், நாற்றம் பொறுத்துக்கொள்ள வேண்டும். ரோலுக்கு ரோல் ஒரே மாதிரி வர வேண்டுமென்றால் டி-76தான்.

இப்போது சூட்டுக்கு வருவோம். இங்கே இரண்டு வழி. ஒன்று, ஐஸ் வைத்து 20-க்கு இறக்குவது. டெவலப்பரை இறக்குவது சுலபம். அப்புறம் அலசும் தண்ணீர் 32-ல் குழாயிலிருந்து கொட்டினால் ஃபிலிம் மேலுள்ள குளிர்ந்த ஜெலட்டின் படலம் அதிர்ந்து வலைபோல வெடித்துவிடும். எல்லாத் தண்ணீரையும் இறக்கினால்தான் பயன். இரண்டாவது, 24-ல் நிறுத்தி நேரத்தைக் குறைப்பது. 20-ல் 10 நிமிடம் என்றால் 24-ல் ஏறக்குறைய 7 நிமிடம். இதைத்தான் நான் பரிந்துரைக்கிறேன். இங்கே 1+1 ஆக (ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர்) நீர்த்த டி-76 கைகொடுக்கிறது: நீர்த்ததால் நேரம் நீளும், சூட்டால் குறையும், கடைசியில் 5 நிமிடத்துக்குக் கீழே போகாது. அதற்குக் கீழே போனால் படம் திட்டுத்திட்டாக வரும். டபுள்-எக்ஸுக்கு 1+1 கலவையில் 20 டிகிரிக்கு 10 நிமிடம் என்று வைத்துத் தொடங்கி, 24-க்கு 7 ஆக்கி, உங்கள் கைக்கேற்பக் கூட்டிக் குறையுங்கள்.

மண்பானைத் தண்ணீரை நம்பலாமா? கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களில், வறண்ட காற்றில் பானை நன்றாகக் குளிர்விக்கும். கடலோர ஈரக்காற்றில் அவ்வளவு இறங்காது. முந்தின இரவு இரண்டு பெரிய பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்து, விடியற்காலை ஐந்து மணிக்கு, மாடித் தொட்டி ஆறியிருக்கும் நேரத்தில், சாதாத் தண்ணீரோடு கலந்து நான்கு லிட்டர் தயார் செய்துகொள்ளுங்கள். ஓடும் தண்ணீரில் அலசாமல், இல்ஃபோர்ட் சொல்லும் முறையில் டாங்கியை நிரப்பி 5 முறை கவிழ்த்து ஊற்றி, மீண்டும் நிரப்பி 10 முறை, மீண்டும் 20 முறை. அந்த நான்கு லிட்டரிலேயே எல்லா வேலையும் முடியும், சூடும் மாறாது.

எப்படியும் 27-க்கு மேல் போகும் என்றால் டெவலப்பரில் லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் வரை, சூட்டுக்கேற்ப, நீரற்ற சோடியம் சல்ஃபேட் சேர்ப்பது பழைய வெப்பநாட்டு முறை. ஜெலட்டின் ஊதாமல் அது பார்த்துக்கொள்ளும். கடையில் கேட்கும்போது சல்ஃபைட் வேறு, சல்ஃபேட் வேறு என்பதை எழுதிக் காட்டியே வாங்குங்கள்.

இருட்டுப் பைக்குள் கைவிட்டு ரீலில் சுற்றுவதுதான் நம் ஊரில் உண்மையான சோதனை. ஐந்து நிமிடத்தில் பைக்குள் வேர்த்து, பிளாஸ்டிக் ரீலில் ஃபிலிம் ஒட்டிக்கொண்டு நகராது. ஏசி அறையில் அல்லது இரவு இருட்டறையில் சுற்றுங்கள். ரீல் எலும்பு காய்ந்த மாதிரி காய்ந்திருக்க வேண்டும்.

கடைசி அலசலுக்கு போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். கடலோர நிலத்தடி நீரின் உப்பு நெகட்டிவில் வெள்ளைப் புள்ளியாகக் காயும், சுரண்டினாலும் போகாது. இன்வெர்ட்டருக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் எந்த பேட்டரிக் கடையிலும் கிடைக்கும், ஒரு கேன் பல ரோலுக்கு வரும். ஐப்பசி கார்த்திகை மழையில் ஃபிலிம் காய ஒரு முழு இரவுகூட ஆகும். அவசரப்பட்டு ஃபேன் போட்டால் தூசிதான் ஒட்டும். தீர்ந்த ஃபிக்ஸரில் (கழுவிய படத்தை நிலைநிறுத்தும் ரசாயனம்) வெள்ளி இருக்கிறது, கிணற்றோரத்திலோ வாய்க்காலிலோ ஊற்றாமல் கேனில் சேர்த்து வையுங்கள், எக்ஸ்ரே ஃபிக்ஸர் எடுப்பவர்களிடம் கொடுக்கலாம்.

## அப்போ எதை வாங்குவது?

இதுவரை ஒரு ரோலும் கழுவாதவர் எச்பி5 அல்லது ஃபோமாபான் வாங்கி டி-76-ல் கையைப் பழக்குங்கள். பழகியவர், வெயிலில்தான் எடுக்கிறார், தனி ஆள் என்றால் யூஎன்54 100 அடி. வெயில், நிழல் என்று பகல் முழுக்க எடுப்பவர் டபுள்-எக்ஸ் கேசட். கோயில் விளக்கு, மாலைச் சந்தை என்று எடுப்பவருக்கு எச்பி5-தான். முகமும் சுவரும் பழங்காலப் படம் போல வர வேண்டும், அவசரம் இல்லை என்பவர் 2302.

நான்கு பேர் சேர்ந்துவிட்டால் டபுள்-எக்ஸ் டப்பா. அது வந்த இரவே நான்காகப் பிரித்து ஆளுக்கு 100 அடி கொடுத்துவிடுங்கள், ஒரே ஃபிரிட்ஜில் எல்லாவற்றையும் அடைக்க வேண்டாம். பிரிக்கும்போதே வெளிச்சம் படாத இரண்டு சின்னத் துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்றை டெவலப்பரில் கழுவி ஃபிக்ஸ் செய்யுங்கள், மற்றதை டெவலப்பர் காட்டாமல் நேராக ஃபிக்ஸரில் போடுங்கள். இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். டபுள்-எக்ஸின் அடித்தளமே லேசான சாம்பல்தான், அது இரண்டிலும் இருக்கும். கழுவிய துண்டு அதற்கு மேல் கண்ணுக்குத் தெரியும் அளவு கருத்திருந்தால் ஃபிலிம் எங்கோ வெயிலோ வயதோ பார்த்துவிட்டது. அந்த இரண்டு துண்டையும் எடுத்துக்கொண்டு மறுநாளே விற்றவரிடம் பேசுங்கள்.